பழுப்புச் சர்க்கரை

பழவேற்காடு படகுத்துறையில் டீக்கடை வைத்திருந்த பரக்கத் பீவிக்கு, தொள்ளாயிரத்து எண்பத்தாறில் நடந்த போதை ஒழிப்புக் கூட்டத்துக்குப் பிறகு ஒன்றுமே புரியவில்லை.

பட்டணத்திலிருந்து வேனில் வந்தவர்கள், "பழுப்புச் சர்க்கரை போதைப்பொருள், இளைஞர்களைக் கொன்றுவிடும்" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார்கள். பிரவுன் சுகர் என்கிற ஹெராயின் தூளின் பெயரை அப்படியே தமிழ்ப்படுத்திய புண்ணியவான் யாரோ! முழங்கிவிட்டு, மீன்குழம்புச் சாப்பாட்டை ஒரு கை பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். பரக்கத் பீவி கடையில் எப்போதுமே நாட்டுச் சர்க்கரை டீதான்.

மறுநாள் இறால் பிடித்துவிட்டு வந்த நாகப்பன் டீயை முகர்ந்துவிட்டு, சர்க்கரை டப்பாவை எட்டிப் பார்த்தான்.

"இன்னாக்கா, சர்க்கரை பழுப்பாக் கீது?"

"நேத்தும் இதே கலர்தான். குடி."

அவன் குடிக்கவில்லை. அவளுக்கும் சந்தேகம் வந்தது. சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போன தம்பி ஜலாலுதீன், எலும்பும் தோலுமாகத் திரும்பியிருந்தான். பகலெல்லாம் தூக்கம், எழுந்தால் சர்க்கரை அள்ளிப் போட்ட டீ. தன் கையாலேயே அவனைக் கெடுத்துவிட்டோமா? பயத்தில் டப்பாவோடு சர்க்கரையை ஏரியில் வீசினாள். தம்பி தேறவில்லை. அது ஏன் என்றும் அவளுக்குப் புரியவில்லை.

இறால் லாரி ஓட்டும் மாணிக்கம்தான் விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அது சர்க்கரையே இல்லக்கா, தூளு. சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாள்ல கொட்டி, அடியில நெருப்பு காட்டி, புகையை இழுப்பானுங்க. தாள்ல கறுப்பா கோடு வுழும்."

பரக்கத் பீவி சிரிக்கவில்லை. சிகரெட்டே பிடிக்காத தம்பியின் சட்டைப்பையில் துவைக்கும்போதெல்லாம் வெள்ளித்தாள் கிடைத்தது. பெருநாளுக்குத் தோரணம் செய்யலாம் என்று நீவி எடுத்து வைத்திருந்தாள். கோடு விழுந்ததை மட்டும் அழுக்கென்று எறிந்துவிடுவாள்.

அடுத்த முறை வேன் வந்தபோது, அதற்குள் அவளிடம் விஷயத்தைக் கேட்டிருந்த நாகப்பன், "நாங்களே பேசிக்கிறோம்" என்று மைக்கை வாங்கி அவளிடம் கொடுத்தான்.

"சர்க்கரையைத் தேடாதீங்க. துவைக்கிறப்போ சட்டைப்பையைப் பாருங்க. கோடு வுழுந்த வெள்ளித்தாள் இருந்தா, அதான்."

"நீ யாரு சட்டையில பாத்தே?" என்றாள் ஒருத்தி.

பரக்கத் பீவி கூட்டத்தைப் பார்த்தாள். சொன்னால் தம்பியின் மானம் போகும். சொல்லாவிட்டால் யார் நம்புவார்கள்? கூட்டத்தின் கடைசியில் ஜலாலுதீன் நின்றிருந்தான். செய்வது சரியா என்று அப்போதும் அவளுக்குத் தெரியவில்லை.

"என் தம்பி சட்டையில."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜலாலுதீன் ஓடவில்லை. சட்டைப்பையிலிருந்த கோடு விழுந்த வெள்ளித்தாளை எடுத்து, நடந்து வந்து, அக்காவின் கையில் வைத்தான்.