ஏழாம் நாள் வந்த மகன்

தலைமுடியைப் பிடித்து, கைதி மசாத்தைப் பலி கொடுக்கும் கல்மேடைக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். அவன் திமிறினான். பொய் சொல்லி எனக்கு இனி ஆகப்போவது எதுவும் இல்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

போரில் பிடித்தவனை எங்கள் தெனோச்சித்லான் நகரத்தில் மகன் என்போம். அவன் நம்மை அப்பா என்பான். மசாத்தை உண்மையில் பிடித்தவன் என் கூட்டாளி ஓலின். பிடித்த சூட்டோடு ஈட்டி பாய்ந்து செத்துப்போனான். "நான்தான் பிடித்தேன்" என்று சொல்லிவிட்டேன். அடுத்தவன் பிடித்த கைதியைத் தன்னுடையவன் என்று சொன்னால், தண்டனை மரணம்.

மேடையில் பூசாரிகள் மசாத்தின் இடுப்பைக் கயிற்றால் கட்டினார்கள். அவன் கையில் இறகு ஒட்டிய வெறும் கட்டை. எதிரே, கண்ணாடிக்கல் பதித்த வாளோடு நான்கு பேர்.

"அப்பா..." என்று சிரித்தான். "பெரிய வீரர்தான் போங்க! என்னை யார் பிடிச்சதுன்னு சொல்லிடட்டுமா?"

"வாயை மூடுடா, மகனே."

அதற்குள் முதல் வெட்டு தொடையில் இறங்கியது. அடுத்தது தோளில். பூசாரி நெஞ்சைப் பிளந்து இதயத்தை எடுத்தபோது கோயிலில் உச்சிவேளைச் சங்கு ஊதினார்கள்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அன்று மசாத்தின் கறியோடு விருந்து. பிடித்தவன் மட்டும் அந்தக் கறியைத் தொடக் கூடாது. "மகனைப் பறிகொடுத்த அப்பனுக்குப் பசியைப் பாரு!" என்று, கறிச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பக்கத்து வீட்டுக்காரன் கேலி செய்தான்.

மசாத்தின் உரித்த தோலை, கண்நோய் தீர வேண்டிக்கொண்ட எவனோ வாங்கிப் போர்த்திக்கொண்டான். இருபது நாள் அதோடு வீடு வீடாகக் காணிக்கை கேட்டுப் போக வேண்டும்; அதுவரை அவன்தான் சாமி.

ஏழாம் நாள். காலைச் சங்கு ஓய்ந்த நேரம். வாசலில் கதவாகத் தொங்கும் பாயில் கட்டிய மணிகள்...

கிலிங்.

மசாத்தின் முகம். காய்ந்த உதடுகளுக்கு உள்ளே வேறு உதடுகள். மணிக்கட்டில் தொங்கும் வெற்றுத் தோல் கைகள்.

என் மனைவி ஷோகோ சோளக் கதிர்களை நீட்டினாள். அவன் என்னையே பார்த்தான்.

"அப்பா... சொல்லிடட்டுமா?"

ஷோகோ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "வாங்கிக்கோ சாமி, கை வலிக்குது" என்றாள்.

எட்டாம் நாள். அதே சங்கு. அதே கேள்வி.

ஒன்பதாம் நாள்.

கிலிங்... கிலிங்...

"நான் ஓலின் பிடிச்ச ஆளு... திருடினது நீ. தெருவுல சொல்றேன்."

திரும்பி நடந்தான்.

ஓடினேன். முதுகில் கத்தியைச் செருகினேன். இரண்டு தோலையும் கிழித்தது.

மறுபடி.

மறுபடி...

விழுந்தான். ஒரு முனகல்கூட இல்லை.

கூட்டம் என் கழுத்தைப் பிடித்தது. "சாமி தோலைப் போட்டவனை ஏன்டா குத்தினே?"

"ஓலின் பிடிச்ச கைதியை நான் திருடினேன்னு தெருவெல்லாம் கத்தினானே! உங்க காதுல விழலையா?"

என் வாயாலேயே சொல்லிவிட்டிருந்தேன்.

ஒரு பெண் ஓடிவந்தாள். செத்தவனின் அக்கா. மசாத்தின் முகத்தைக் கிழித்து, உள்ளே இருந்த முகத்தை மடியில் எடுத்துக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கத்தினானா? என் தம்பி தோச்சி பிறவி ஊமைடா, பாவி!"