தாத்தா உள்ளவர்களுக்கு மட்டும்

ஞானதாஸ் யாரிடமும் சலுகை கேட்டுப் பழகியவர் இல்லை. செய்யூர்ப் பக்கம், ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத குடும்பத்தில் பிறந்தவர். ஐ.டி.ஐ. முடித்து, மறைமலைநகரில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்து சூப்பர்வைசர் ஆனார். சிறுசேரிக்குப் பக்கத்தில் அடுக்குமாடி ஒன்றில், ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த வீட்டை வாங்கி, மனைவி ஜாக்குலினோடும் மகள் ஜெஸ்ஸியோடும் குடிவந்தார். லிஃப்டில் தான் சிரித்தால் யாரும் திருப்பிச் சிரிப்பதில்லை என்று கொஞ்ச நாளிலேயே தெரிந்துகொண்டார். அவரும் சிரிப்பதை விட்டுவிட்டார்.

ஜெஸ்ஸி சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கும் நாள் வந்தது. விருந்துக்குக் கீழ்த்தளத்து ஹாலைக் கேட்டு, குடியிருப்போர் சங்கச் செயலாளர் லக்ஷ்மிநாராயணனிடம் போனார்.

"இனிமே வீட்டு விசேஷத்துக்கு ஹால் கிடையாதுன்னு புது ரூல் கொண்டு வர்றோம். ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல பாஸ் ஆயிடும்" என்றார் அவர்.

"போன வாரம்கூட உங்க வூட்டு சீமந்தம் அங்கதான சார் நடந்துச்சு?"

"பில்டர்கிட்ட நேரா வாங்கினவங்களுக்குப் பழைய உரிமை அப்படியே இருக்கும். அவங்க கிராண்ட்ஃபாதர்டு."

"இன்னா சார் அது? யாரோட தாத்தா?"

"இங்கிலீஷ்ல அப்படிச் சொல்றது வழக்கம். நீங்க அதுக்கெல்லாம் அர்த்தம் தேடாதீங்க."

தேடாதே என்று சொன்னதுதான் ஞானதாஸைத் தேட வைத்தது. மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் போனை எடுத்துப் படித்தார். அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த பிறகு, தெற்கு மாநிலங்களில் கறுப்பர்களை ஓட்டுப் போடவிடாமல் தடுக்க வழி தேடினார்கள். வரி கட்ட வேண்டும், படிக்கத் தெரிய வேண்டும் என்று விதி போட்டார்கள். அதில் ஏழை வெள்ளையர்களும் மாட்டிக்கொண்டார்கள். உடனே ஒரு விலக்கும் சேர்த்தார்கள்: கறுப்பர்களுக்கு ஓட்டுரிமை வருவதற்கு முன்பே ஒருவருடைய அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ ஓட்டு இருந்திருந்தால் அவருக்கு இந்த விதி பொருந்தாது. கறுப்பர்களின் தாத்தாக்களோ அடிமைகளாக இருந்தவர்கள். நிறம் என்ற சொல்லே இல்லாமல் வேலை முடிந்துவிட்டது. அங்கிருந்துதான் 'கிராண்ட்ஃபாதர்டு' என்ற சொல் கிளம்பி, இப்போது இந்த ஹால் வாசலுக்கு வந்திருந்தது.

ஞானதாஸின் தாத்தா உழுத நிலமெல்லாம் வேறொருவர் பேரில் இருந்தது. பஸ் கம்பெனி வாசலில் நின்றது தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எழுந்து அந்தச் சொல் பிறந்த கதையைச் சொன்னார்.

கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நரசிம்மன் கையை ஓங்கிக் குறுக்கிட்டார். "எல்லாத்துலயும் ஜாதியை இழுக்காதீங்க சார்!"

"நான் ஜாதின்னே சொல்லலியே. அமெரிக்கா கதைய சொல்லிகினு இருந்தேன். உங்களுக்கு ஏன் அது ஞாபகம் வந்துச்சு?"

கூச்சல் எழுந்தது. செயலாளர் மேசையைத் தட்டி அடக்கினார். "அந்தச் சொல்தான் பிரச்சினைன்னா எடுத்துடலாம். 'முதல் உரிமையாளர்கள்'னு போட்டுக்கலாம்."

சொல்லை எடுத்தார்கள். விதியைக் கைதூக்கி நிறைவேற்றினார்கள்.

விருந்து மூன்றாம் மாடியில் அவர் வீட்டுக்குள்ளேயே நடந்தது. இடம் போதாமல் சொந்தக்காரர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து தட்டோடு சாப்பிட்டார்கள். வாட்ஸப் குழுவில் பிரியாணி வாசனை பற்றிப் புகார் வந்தது. 'கதவை மூடிக்கொள்ளவும்' என்று மட்டும் ஞானதாஸ் பதில் போட்டார்.

சாயங்காலம் எதிர்வீட்டுக் கல்யாணி பரிசுப் பொட்டலத்தோடு வந்து தயங்கி நின்றாள்.

"அன்னைக்கு நடந்தது எனக்கும் பிடிக்கலை. மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்தது."

"கைய தூக்குனீங்களே மேடம்."

"எல்லாரும் தூக்கறச்சே நான் மட்டும் எப்படி..."

"பரிசு வேணாம். எடுத்துகினு போங்க." கதவைச் சாத்தினார்.

"வூட்டுக்கு வந்தவங்கள இப்டியா அனுப்புறது?" என்று ஜாக்குலின் கோபித்துக்கொண்டாள். இந்த வீட்டை விற்றுவிட்டு வேறெங்காவது போய்விடலாம் என்று அழுதாள்.

"விக்கமாட்டேன்" என்றார் அவர்.

அடுத்த கூட்டத்துக்கும் முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். அந்த வரிசையில் வேறு யாரும் வந்து உட்காரவில்லை. கால்களை நன்றாக நீட்டிக்கொண்டார்.