லேகியத்தின் மேல் போட்ட பழி

முருகனை நம்பும் சொந்தங்களே, கோயில் மலரில் எழுதும் தகுதி எனக்கில்லை. இருந்தும் எழுதுகிறேன். காரணம் படித்தால் புரியும்.

எண்பதுகளில் நான் சங்கிலிக்குண்டு எறியும் வீரன். கம்பியின் நுனியில் இரும்புக் குண்டு. அதைப் பிடித்துக்கொண்டு பம்பரமாய்ச் சுற்றி, தலை கிறுகிறுக்கும் முன் விட்டுவிட வேண்டும். யார் மண்டையிலும் விழாமல் எறிந்ததுதான் என் பெரிய சாதனை. அது போதவில்லை. செராஸில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் ஊக்கமருந்து ஊசி போட்டுக்கொண்டேன். சிறுநீர்ப் பரிசோதனையில் மாட்டினேன். ஈராண்டுத் தடை.

விசாரணையில் வாய் கூசாமல் சொன்னேன்: "பிரிக்பீல்ட்ஸ்ல வாங்குன லேகியம் சார். அதுல என்ன கலந்தாங்களோ."

லேகியம் விற்றவர் நாட்டு மருந்துக் கடை முத்தையா அண்ணன். அவர் கடைப் பெயரோடு செய்தி பத்திரிகையில் வந்தது. நம்மவர்களுக்கு லேகியத்தின் மேல் பக்தியும் சந்தேகமும் சரிபாதி. அத்தனை பேரும் நம்பினார்கள். அவர் கடையில் ஈ ஓட்டினார். நான் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

என் மனைவி சரோஜாவும் நம்பினாள். உண்மை வெளியே வர வேண்டும் என்று கிள்ளான் கோயிலுக்குத் தைப்பூசப் பால்குடம் நேர்ந்துகொண்டாள். நானும் தினமும் முருகனைக் கும்பிட்டேன், உண்மை வெளியே வரக்கூடாது என்று. ஒரே வீட்டிலிருந்து இரண்டு விண்ணப்பம். முருகன் பாடு திண்டாட்டம்தான்.

தைப்பூசத்தன்று ஊர்வலத்தில் எங்களுக்கு முன்னால் முத்தையா அண்ணன் நடந்தார். நாக்கில் வேல் குத்தி வாய்ப்பூட்டுப் போட்டிருந்தார். கோயில் சேரும்வரை ஒரு சொல்லும் பேச முடியாது. சரோஜா பார்த்துவிட்டாள்.

"என்னண்ணே, செஞ்ச பாவத்துக்கா அலகு? மருந்துல என்ன கலந்தீங்கன்னு முருகனுக்குத் தெரியும்லா."

அவர் திரும்பினார். கண் நிறைந்திருந்தது. அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். பூட்டு அவர் வாயில். பேசாமல் நின்றவன் நான்.

அப்போதுதான் முதல்முறையாக ஒழுங்காக வேண்டினேன். முருகா, என் வாயைத் திற.

"சரோ, அவர ஒண்ணும் சொல்லாத. லேகியத்துல ஒண்ணுமில்ல. நான்தான் ஊசி போட்டுக்கிட்டேன்."

பால்குடம் ஆடவில்லை. அவள் குரல்தான் ஆடியது. "நடங்க. நேர்த்திய முடிச்சிட்டு வீட்டுல வச்சிக்கிறேன்."

கோயிலில் அலகு எடுத்ததும் அவர் காலில் விழுந்தேன். வீங்கிய நாக்கோடு மெல்லச் சொன்னார்: "என் லேகியத்துக்கு அவ்வளவு சக்தி இருந்தா நானே எறிஞ்சிருப்பேன்லா தம்பி." சிரிக்கவில்லை. "என் மகளுக்கு வந்த சம்பந்தம் நின்னுபோச்சு. தெரியுமா?"

தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருக்கத்தானே அந்தத் தெருவைத் தவிர்த்தேன்.

மறுநாளே சங்கத்துக்கும் பத்திரிகைக்கும் போய்ச் சொன்னேன். பொய் சொன்னதற்குத் தடை நீண்டது, ஆட்டம் முடிந்தது. பெண் வீட்டார் என்ற முறையில் அண்ணன் போகக் கூசியதால், அந்த மாப்பிள்ளை வீட்டுக்குக் காஜாங்வரை நானே போனேன். வாசலிலேயே நிற்க வைத்தார்கள். நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். அடுத்த ஆவணியில் கல்யாணம் நடந்தது. பந்தியில் பரிமாறினேன், நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இன்றும் வெட்கம் போகவில்லை. ஆனால் தூக்கம் வருகிறது. அதற்கு முருகனுக்கு நன்றி. தொண்டையில் ஏதாவது சிக்கியிருந்தால் அவரிடம் கேளுங்கள், திறந்துவிடுவார். மறைத்துத் தரச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்; அந்தச் சரக்கு அவரிடம் இல்லை.