கேபிளுக்குள் கேட்ட தட்டு

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். ஜின், பேய் என்று யாராவது கதை தொடங்கினால் முதலில் சிரிக்கிறவன் நான். ரேடியோ பழுது பார்க்கிறவனுக்கு ஒரு சத்தம் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், ஈயம் விட்டிருக்கும், இல்லை வயர் அறுந்திருக்கும், அவ்வளவுதான். இன்றைக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வேன்.

என் கடை மன்னார் உப்புக்குளத்தில். புத்தளத்தில் இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் படித்த தொழில். வள்ளக்காரரின் ரேடியோ செற்றுகள்தான் கூடுதலாக வரும். அன்று காலை பேசாலையில் இருந்து ஜெசிந்தா என்ற பெண் ஒரு செற்றைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய கணவனும் கணவனின் தம்பியும் முதல்நாள் கடலுக்குப் போனவர்கள், திரும்பவில்லை. காற்று வேறு எழும்பிவிட்டது. தலைமன்னாருக்கு அப்பால் கடலுக்குள் கிடக்கும் மணல் தீடைகளில் கிட்ட உள்ளவற்றைத் தேடிப்போன வள்ளங்கள் வெறுங்கையோடு வந்துவிட்டன. வடக்கே இழுபட்டிருப்பார்கள் என்று சிலர், இல்லை என்று சிலர், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் எல்லோரும் கரையில் நிற்கிறார்கள். வள்ளங்களோடு கதைக்கிற கரைச் செற்றோ செவிடாகிக் கிடக்கிறது. அதைத்தான் அவள் கொண்டுவந்தாள்.

"அவையள் கூப்பிட்டாலும் இது கேக்காது நானா. எப்பிடியாவது கேக்க வையுங்கோ," என்றாள். அழவில்லை. ஒரு கதிரையை என் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்துவிட்டாள்.

செவிட்டுச் செற்றைத் திருத்த சிக்னல் ஜெனரேட்டர் வேண்டும். நாம் சொல்கிற அலைவரிசையில் ஒரு மெல்லிய ரேடியோ அலையை அது தரும், கூடவே "கூ" என்ற ஒரு ஒலியும் இருக்கும், அதைக் கேபிளால் செற்றுக்குள் கொடுத்து, ஒலி பலமாகக் கேட்கும்வரை திருகித் திருகிச் சரிசெய்ய வேண்டும். மாட்டினேன். ஒன்றும் இல்லை. நல்ல செற் ஒன்றில் மாட்டினேன், அதிலும் இல்லை. முன்பக்கத் திரையில் எண்கள் எல்லாம் ஒழுங்காக நிற்கின்றன, வெளியே மட்டும் எதுவும் வரவில்லை. செத்தது கருவிதான்.

மூடியைக் கழற்றி உள்ளே அலை பிறக்கிற இடத்தில் இருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். பிறக்கிறது. அதைப் பெருக்குகிற இடத்திலும் இருக்கிறது. கடைசியாக அலையின் அளவைக் குறைக்கிற பகுதிக்குள் போகிறது, திரும்பி வரவில்லை. தகரக் கூட்டைத் திறந்தால் கருகின வாசம். முதல்நாள் ஒரு வாடிக்கையாளர் தன் செற் இதில் மாட்டியிருக்கும்போதே பேசுகிற பொத்தானை அமத்தியிருந்தார், அந்தச் செற்றின் சக்தி உள்ளே பாய்ந்து ஒரு ரெசிஸ்டரை எரித்திருக்கிறது. அந்த அளவில் என்னிடம் இல்லை. பழைய பலகை ஒன்றில் இருந்து இரண்டைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் சேர்ந்து அந்த அளவு வரும்படி ஈயம் பிடித்தேன். கரைச் செற்றில் மாட்டிப் போட்டேன். கூ என்று வந்தது பாருங்கள், அந்தச் சத்தத்துக்கு நான் எழும்பி நின்றுவிட்டேன்.

திருகத் தொடங்கினேன். ஒலி ஒருதரம் சட்டென்று அறுந்து திரும்ப வந்தது. பிறகும் அறுந்தது. என் ஈயம் சரியில்லை என்று திரும்பப் பிடித்தேன். கேபிளை மாற்றினேன். மின்சாரத்தை விட்டுப் பற்றறியில் போட்டேன். அப்போதும் அறுந்தது, கதவில் விரலால் தட்டுகிற மாதிரி. ஒன்றைக் கவனியுங்கள், செற்றில் அன்ரெனா இல்லை, அன்ரெனா வருகிற துளையில் என் கேபிள்தான் இருக்கிறது, வெளியில் இருந்து எதுவும் உள்ளே வர வழியில்லை.

ஜெசிந்தா கதிரையை விட்டு எழும்பினாள். "ஆரோ தட்டினம் நானா," என்றவள், நான் மறிக்க முதல் ஸ்பீக்கருக்கு நேரே குனிந்தாள். "இஞ்சாருங்கோ, நீங்களோ? ஓமெண்டா ஒருக்கால் தட்டுங்கோ. இல்லையெண்டா ரெண்டுதரம்."

ஒலி ஒருதரம் அறுந்தது.

நான் திருகுவதை நிறுத்திவிட்டேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. காற்றோடு வடக்கே போய்விட்டீர்களோ என்று கேட்டாள். இரண்டுதரம். தீடையில் ஏறிவிட்டீர்களோ. ஒருதரம். தலைமன்னாருக்குக் கிட்டவோ. இரண்டுதரம். கடைசித் தீடையோ என்று கேட்டாள். ஒருதரம்தான்.

வாசலில் நின்ற முச்சக்கர வண்டியில் பாய்ந்து ஏறிப் போனாள். கரையில் என்ன சொல்லி நம்பவைத்தாளோ, வள்ளங்கள் நேராகக் கடைசித் தீடைக்குப் போயின. நான் கரைச் செற்றைத் திருத்தி முடித்து, அதையும் தூக்கிக்கொண்டு பேசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது இன்னும் பொழுது சாயவில்லை. செற்றை அன்ரெனாவோடு பூட்டினதும் தேடிப்போன வள்ளத்தில் இருந்து முதலாவதாக வந்த குரல், "ரெண்டு பேரும் உயிரோட இருக்கினம்" என்பது. கடற்கரை முழுக்க ஓ என்று எழும்பியது. யாரோ கோயில் மணியை இழுத்தார்கள். என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள், வீட்டுக்குப் போகும்போது கையில் ஒரு பெரிய பாரை மீன். என் தொழிலில் அப்படி ஒரு நாள் இனி வராது.

மீண்டு வந்த இரண்டு பேருடைய ரேடியோவும் முதல் அலையிலேயே கடலுக்குள் போய்விட்டதாம். பிறகு எப்படி என்று கேட்டேன். தம்பிக்காரன் சாதாரணமாகச் சொன்னான்: "அண்ணி கேட்டவ. காத்துக்குள்ள வடிவாக் கேட்டது. நாங்கள் எண்ணெய்க் கானில தட்டினனாங்கள்."

அவனிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஜெசிந்தா ஓடின பிறகு கடையில் நான் தனியே நின்றேன். கருவி ஓடிக்கொண்டிருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் மெதுவாகக் கேட்டேன்: "இவ்வளவு நேரமும் தட்டினது அந்த ரெண்டு பேரும்தானே?"

கொஞ்ச நேரம் கூ என்று நேராகப் போனது. பிறகு அறுந்தது. திரும்ப வந்து, இன்னொருதரமும் அறுந்தது. இரண்டுதரம்.