பத்து நிமிடத் தண்ணீர்

1. தலைவர் இட்ட வேலை

தண்ணீர் வராத குழாயில் பத்து நிமிடம் மட்டும் தண்ணீர் வரவைக்க வேண்டும். என் இருபத்தாறு வருட சர்வீஸில் இப்படி ஒரு வேலையை யாரும் எனக்கு இட்டதில்லை. இட்டவன் எங்கள் ஊராட்சித் தலைவர் செல்லப்பாண்டி. நான் அங்கே டேங்க் ஆபரேட்டர். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவதும், தெருத்தெருவாக வால்வைத் திறந்து மூடுவதும் என் வேலை. எங்கள் ஊர், மண்டபத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவில் கடலோரத்தில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் எனக்குத்தான் வம்பு.

அவனும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நாலு பேர் இருந்தால் "தலைவரே" என்பேன், இல்லாவிட்டால் "ஏலே"தான்.

"காளி, கடற்கரைத் தெருப் புதுப் பைப் லைனுக்கு நாளைக்குத் தொறப்பு விழா. ஒரு தண்ணி லாரிய மறைவா நிறுத்திப் பைப்புல விட்டுரு. நான் தொறப்பேன், போட்டோ எடுப்பாங்க. அம்புட்டுத்தான்."

"மெயின் லைன்ல ஜாயிண்ட் குடுக்கலையா?"

"குடுத்தா எங்க தெருவுல பிரஷர் கொறஞ்சிரும்லே. மாடித் தொட்டிக்கு ஏறாது. பொறவு பாப்போம்."

கடற்கரைத் தெருப் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளித்தான் குடம் நிரப்புவார்கள். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும். தேர்தலுக்கு முன்னால் அவர்கள் காலிக் குடத்தோடு ரோட்டை மறித்தபோது, நட்ட நடுவில் தலையில் குடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன் இந்தச் செல்லப்பாண்டிதான். அந்தக் குடத்தைப் பார்த்து ஏமாந்தவர்களில் நான் முதல் ஆள்.

ஊராட்சி ஊழியன் ஓட்டுக் கேட்டுப் போகக் கூடாது. தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு அவனுக்காக வீடு வீடாகப் போனேன். வாயைத் திறந்த உடனே, "வால்வுக்காரரே, வெயிலுக்கு உள்ள வந்து பேசுங்க" என்றார்கள்.

2. கடப்பாரையும் கடுகடு மூஞ்சியும்

லாரிக்காரனுக்கு நான் போன் போடவில்லை. மோட்டார் ரூமில் கிடந்த பைப்பு, டி ஜாயிண்ட், ஒரு கேட் வால்வு எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், பட்டப்பகலில், மெயின் லைன் போகும் முச்சந்தியில் குழி தோண்டினேன். தொழிலில் நான் கற்ற ரகசியம் ஒன்று உண்டு. கையில் கடப்பாரையும் முகத்தில் எரிச்சலும் இருந்தால், ரோட்டைத் தோண்டுகிறவனை எவனும் ஏன் என்று கேட்க மாட்டான். கேட்ட ஒரே ஆளிடமும் "தலைவர் உத்தரவு" என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

கடற்கரைத் தெருவில் ஊற்றுத் தண்ணீர் சுமக்கும் ரஹ்மத் என்கிற பொண்ணு மட்டும் வந்து எட்டிப் பார்த்தது. நன்னாரி சர்பத் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிவிட்டது. சாயங்காலத்துக்குள் ஜாயிண்டை முடித்து மண்ணைத் தள்ளி மூடினேன்.

3. விழா

மறுநாள் சாமியானா, மைக், மாலை போட்ட குழாய். செல்லப்பாண்டி திருகினான். உஸ்ஸென்று காற்றுதான் வந்தது. அவன் என்னை முறைத்தான். பைப்பில் காற்று அடைத்துக்கொண்டால் நான் தோண்டியதெல்லாம் வீண். பிறகு குழாய் இரண்டு தடவை இருமியது. செம்மண் நிறத்தில் கொஞ்சம் கக்கியது. அப்புறம் கொட்டியது பாருங்கள், பெண்கள் குலவை போட்டுவிட்டார்கள்.

குலவைச் சத்தம் அவன் தலைக்கு ஏறிவிட்டது. மைக்கைப் பிடித்தான். "இனிமே தெனமும் காலையில இங்கன தண்ணி வரும். வரலைன்னா என் வீட்டுக் கொழாய அடச்சிட்டு ஒங்களுக்குத் தொறப்பேன்." பத்துச் செல்போன்களில் அது பதிவானது.

கூட்டம் கலைந்ததும் என் காதோரம் வந்தான். "போதும்லே, லாரிய நிறுத்து."

"எந்த லாரி தலைவரே?"

தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். கடற்கரைத் தெரு பள்ளம், அவன் தெரு மேடு. மறுநாள் காலையில் மோட்டார் ரூமுக்கு வந்து நின்றான். முகத்தில் பாதி சோப்பு அப்படியே காய்ந்திருந்தது.

"ஏலே காளி, ஒன்னைய வேலைய விட்டுத் தூக்கிருவேன்."

"தூக்கு. ஏன் தூக்குனன்னு ஊரு கேக்கும். ஜாயிண்ட் குடுத்ததுக்குன்னு சொல்லு. அதையும் செல்போன்ல புடிப்பாங்க."

காய்ந்த சோப்பைத் துண்டால் துடைத்துக்கொண்டே போனான். ஒரே வாரத்தில் தெருமுனையில் பிளெக்ஸ் முளைத்தது. "குடிநீர் தந்த கோமான்" என்று போட்டு, அவன் கும்பிடுகிற படம். எனக்கு வந்த கோபத்தில் அதன் கயிற்றை அறுக்கப் போனேன். பக்கத்து வீட்டு ஆடுகள் அதன் நிழலில் படுத்திருந்தன, விட்டுவிட்டேன்.

4. அடுத்த தேர்தல்

அடுத்த தேர்தலில் கடற்கரைத் தெரு மொத்தமும் அவனுக்கே குத்தியது. எனக்கு மனசு விட்டுப்போனது. ரஹ்மத்திடமே போய்ப் பொருமினேன். "அன்னைக்குத் தண்ணி குடுத்தது அவன் இல்லம்மா."

"தெரியும்ணே. குழி தோண்டுன ஆள நான் பாக்கலையா?"

"பெறகு எதுக்கு அவனுக்குப் போட்டீங்க?"

"வேற ஒருத்தன் வந்தா, இது செல்லப்பாண்டி போட்ட லைனுன்னு சொல்லி மறுநாளே அடச்சிருவான். இவன்னா, தான் குடுத்ததுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டான், அடைக்க மாட்டான். அல்லா மேல ஆணையாச் சொல்றேன், அவன் மூஞ்சிக்காக ஒரு ஓட்டும் விழல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருத்தனை நல்லவன் என்று நம்பி அலைந்தவன் நான். அந்தத் தெருவில் யாரும் எவனையும் நம்பவில்லை. குழாயைக் காப்பாற்ற எவன் வேண்டும் என்று மட்டும் கணக்காகப் பார்த்துக் குத்தியிருக்கிறார்கள்.

நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். புதிதாக வரும் ஆபரேட்டர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்தத் தலைவன் நல்லவன் என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். நல்ல வேலையை நீங்கள் செய்துவிட்டுப் பெயரை அவன் தலையில் கட்டுங்கள். பெயர் போய்விடுமே என்ற பயத்தில் அதை அவனே காவல் காப்பான். செல்லப்பாண்டி இன்றைக்கும் மாடித் தொட்டிக்கு விலைத் தண்ணீர்தான் வாங்குகிறான்.