அம்மாவை வெட்டி ஒட்டிய கதை

வீடியோ எடிட்டிங் படிக்கத் தொடங்கியபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆசைப்பட்டுப் படிக்கவில்லை. கனடாவில் இருக்கும் என் தங்கைக்கு அகதி வழக்கு முடியவில்லை. அம்மா படுக்கையில் விழுந்தும் அவளால் வர முடியவில்லை. ஒரு நாள் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"உன்ரை போனிலை என்னை வீடியோ பிடி பிள்ளை. தங்கச்சியோடை கொஞ்சம் கதைக்கவேணும். இப்ப அனுப்பிப்போடாதை, நான் போனாப் பிறகு குடு."

இருபத்துமூன்று நிமிடம் கதைத்தார். அடுத்த கிழமை போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த பிறகுதான் அதைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீடு கொக்குவிலில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில். பேச்சுக்கு நடுவில் ரயில் போகிறது. அம்மா இருமுகிறார், துப்புவதற்குச் சட்டி கேட்கிறார், சேலையை இழுத்து விடுகிறார். வராமல் போனதற்கே அழுதுகொண்டிருக்கும் பிள்ளை இதையுமா பார்க்கவேண்டும்? துப்புரவாக்கிக் கொடுப்போம் என்று நினைத்தேன். பாழாய்ப்போன நினைப்பு!

யூடியூப்பில் ஒருவர் சொல்லித் தந்தார். "வணக்கம் நண்பர்களே" என்று தொடங்கினால் மூச்சே விடமாட்டார். அவர் மூன்று இடத்தில் கிளிக் பண்ணி முடிக்கும்போது நான் மூக்குக்கண்ணாடி தேடிக்கொண்டிருப்பேன். முதல் நாள் அம்மாவின் வாய் ஒரு பக்கம், குரல் இன்னொரு பக்கம். இரண்டாம் நாள் அம்மா தலைகீழாகக் கிடந்தார். மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு ஓவென்று அழுதேன். என்னைப் போல ஒரு மண்டு இந்த உலகத்தில் இருக்காது.

ஆறு கிழமையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். குரல், படத்துக்குக் கீழே அலை அலையாகத் தெரியும். இருமல் வந்த இடத்தில் அலை குத்தென்று எழும்பும், ரயில் வந்த இடத்தில் தடித்துக் கிடக்கும். சத்தத்தை நிறுத்திவிட்டு, கண்ணால் பார்த்தே வெட்டலாம். வெட்டினேன். பதினொரு நிமிடம் மிஞ்சியது.

'எக்ஸ்போர்ட்' என்று கடைசியாக ஒரு பாடம் இருந்தது. வேலைதான் முடிந்துவிட்டதே, இனி என்ன பாடம்? நான் முப்பது வருடம் கந்தோரில் கடிதம் தட்டச்சு செய்தவள். சேமித்தால் இருக்கும், அவ்வளவுதான். சேமித்ததைப் பென் டிரைவில் ஏற்றினேன். ஒரே சாமானை இரண்டு இடத்தில் வைத்திருப்பது எனக்குப் பிடிக்காது. போனிலும் மடிக்கணினியிலும் இருந்த பழைய வீடியோவை அழித்து, குப்பைக்கூடையையும் காலியாக்கினேன்.

எங்கள் ஊரில் முக்கியமான பொருளை ஆள் கையில்தான் கொடுத்துவிடுவோம். வாட்ஸப்பில் போட்டால் அம்மாவின் முகம் மங்கிப்போகும். உடுவிலில் இருந்து ஓர் உறவுக்காரர் கனடாவுக்குப் போனார். மிளகாய்த்தூள், ஒடியல்மாப் பார்சலோடு பென் டிரைவையும் கொடுத்துவிட்டேன்.

நாலாம் நாள் தங்கை அழைப்பு எடுத்தாள். "அக்கா, மிளகாய்த்தூள் வந்திட்டுது. அம்மா வரேல்லை. திறக்குதில்லை."

மடிக்கணினியில் நான் சேமித்திருந்ததைத் திறந்தேன். அம்மா இருந்த இடமெல்லாம் சிவப்பு. வீடியோக் கோப்பு இல்லை என்றது கணினி. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கும் பக்கத்து ஒழுங்கைக்காரரிடம் ஓடினேன்.

"அக்கா, எங்கை வெட்டினது, எங்கை ஒட்டினது எண்ட கணக்குத்தான் இதுக்குள்ளை கிடக்கு. படம் இல்லை, எக்ஸ்போர்ட் பண்ணினாத்தான் அது வரும். முதல் எடுத்தது எங்கை?"

"அழிச்சிட்டன்."

"ஐயோ அக்கா."

இரண்டு நாள் வைத்துத் தேடினார். பிறகு மடிக்கணினியைத் துடைத்துத் தந்தார். "ஏலாதக்கா," என்றார்.

தங்கைக்குச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி விடக்கா. அம்மா என்ன சொன்னவ? அதையாவது சொல்லு."

நூறு தரமாவது போட்டிருப்பேன். பிடித்தபோது என் கை ஆடுகிறதா என்று பார்த்தேன், வெட்டியபோது அலையைப் பார்த்தேன். எந்த நிமிடத்தில் இருமினார் என்று இப்போது கேட்டாலும் சொல்லுவேன். "பிள்ளை" என்று தொடங்கினார். அதற்குப் பிறகு அவருடைய உதடு அசைவதுதான் நினைவில் வருகிறது.

"கவலைப்படாமல் இருக்கட்டாம். நேரத்துக்குச் சாப்பிடட்டாம்," என்றேன்.

"அம்மா அப்பிடிக் கதைக்கிற ஆளில்லை அக்கா," என்றாள் தங்கை.