கதவக்காவின் மீன் பெட்டி

எங்கள் மீன் கிடங்கில் அவளுக்குப் பெயர் கதவக்கா. வாயு அறையின் கதவு அவள் பொறுப்பு. குளிரூட்டிய அந்த அறையிலிருந்து காற்றை வெளியேற்றி, கரியமில வாயுவும் நைட்ரஜனும் நிரப்பி அடைத்துவிட்டால், வெறும் ஐஸில் கிடப்பதைவிட இரண்டு மடங்கு நாள் மீன் தாங்கும். கதவை விரற்கடை திறந்தாலும் பாழ். "உள்ள என்ன சினிமாவா ஓடுது, ஆளாளுக்கு எட்டிப் பார்க்குறீங்க?" என்று மேற்பார்வையாளரையே விரட்டியிருக்கிறாள்.

அவள் கணவர் படகுக்காரர். ஒரு நாள் காலையில் மீனைப் பெட்டி பெட்டியாக இறக்கிக் கொடுத்துவிட்டு, மாலையே மறுபடி கடலுக்குப் போனார். படகு மட்டும்தான் கிடைத்தது.

அவர் கடைசியாக அடுக்கிய பெட்டியை அக்கா விற்க விடவில்லை. தலையெல்லாம் ஒரே பக்கமாக, ஒன்றோடொன்று உரசாமல் அடுக்குவது அவர் கைக்கு மட்டும் வரும். மேற்பார்வையாளர் மனமிரங்கி, முன்பு சோதனைக்கு வைத்திருந்த சின்ன வாயுப் பெட்டகத்தை அதற்கு ஒதுக்கினார்.

கொழுந்தனார் வந்தார். "அண்ணி, எத்தனை நாளைக்கு இப்படி? அண்ணன் இனிமே வரமாட்டாரு. மனசத் தேத்திக்குங்க."

"இந்த மீன் கெடட்டும். அப்புறம் நம்புறேன்."

பைத்தியம் முற்றிவிட்டது என்று முணுமுணுத்தபடி அவர் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை ஐஸ் தொட்டியில் அமுக்கியிருப்பேன்.

ஆனால் அக்கா செய்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. தினமும் வேலைக்கு வந்ததும் பெட்டகத்தைத் திறப்பாள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை, கிளம்பும்போது ஒரு தடவை. கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மூடி, புதிதாக வாயு நிரப்புவாள். ஒவ்வொரு தடவையும் வெளிக்காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாதா?

ஒரு நாள் கூப்பிட்டாள். "இங்க வாடி. மோந்து பாரு."

பக்கத்தில் போகும்போதே நாறியது. "ஐஸ் வாடைதாங்க்கா," என்று பொய் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா ஒரு மீனை விரலால் அழுத்தினாள். பள்ளம் விழுந்தது, மேலெழவில்லை. பெட்டகத்தை மூடவும் அவளுக்குத் தோன்றவில்லை.

"நான்தாண்டி கெடுத்தேன். மனசு கேக்காம தொறந்து தொறந்து பார்த்தேன். மூடியே வச்சிருந்தா, அவரு இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரு."